உச்சிப்புளிக்கு மாறுதல்: தளத்துக்குள் குவார்ட்டர்ஸா, ராமநாதபுரத்தில் வாடகை வீடா?

கேள்வி கேட்டிருக்கும் தம்பி கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர். கொச்சியிலிருந்து உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளத்துக்கு மாறுதல் ஆகி வருகிறார். மனைவி மதுரை மாவட்டத்தில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை. மகள் மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள தம்பியின் தாயாரும் அவர்களுடன் இருக்கிறார். இதுவரை பிரிந்தே வாழ்ந்த குடும்பம் ஒரே கூரையின் கீழ் சேர்வதற்கு இந்த மாறுதல் வழி செய்கிறது. தளத்துக்குள் குவார்ட்டர்ஸ் எடுப்பதா, ராமநாதபுரத்தில் வீடு பிடிப்பதா, அல்லது குடும்பத்தை மதுரையிலேயே விட்டுவிட்டு வார இறுதிகளில் போய்வருவதா என்பது அவருடைய கேள்வி. கடற்படையின் தளவாடப் பிரிவில் பணியாற்றியபோது குடியிருப்பு ஒதுக்கீட்டு வேலையையும் பார்த்தவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பின் ராமநாதபுரத்திலேயே குடியமர்ந்தவன் என்ற முறையிலும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் என் முடிவு. குவார்ட்டர்ஸ் கிடைக்குமானால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கு மாறுதலில் கிடைக்கும் பள்ளி ராமநாதபுரத்துக்கு மேற்கே அமைந்துவிட்டால் மட்டும் ராமநாதபுரம் நகரின் கிழக்குப் பகுதியில் வாடகைக்குப் பாருங்கள். மதுரையிலேயே குடும்பத்தை விட்டுவிடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். நூற்றிருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் அது. விமானத் தளத்தில் பணி முறை வார நாள், வார இறுதி என்று பார்த்து வருவதில்லை என்பதால், வாரந்தோறும் போய்வருவேன் என்று தொடங்கியவர்கள் சில மாதங்களில் மாதம் ஒருமுறை போவதோடு நிறுத்திக்கொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன். கொச்சியிலிருந்து நீங்கள் எத்தனை முறை வீட்டுக்கு வர முடிந்ததோ, அதைவிட மிக அதிகமாக இங்கிருந்தும் வர முடியாது.

இந்த முடிவுக்கு நான் வந்த வழியை விளக்க வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான அதிகாரிகள் இந்தக் கணக்கைப் பணத்தில் தொடங்கிப் பணத்திலேயே முடிக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பணம் கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. அதிகாரி காலையில் புறப்பட்டுத் தளத்துக்குள் போய்விடுகிறார். அந்த வீட்டில் பகல் முழுவதும் இருப்பவருக்கும், அதிகாரி வராத இரவுகளில் தனியாக இருப்பவர்களுக்கும் எது உகந்தது என்று பார்த்து முடிவெடுப்பதே முறை.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வீட்டு வாடகைப்படி ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டிய 2024 ஜனவரியிலிருந்து அது முறையே அடிப்படை ஊதியத்தில் 30, 20, 10 சதவீதமாக இருக்கிறது. கொச்சியும் மதுரையும் இரண்டாம் வகை. ராமநாதபுரம் மூன்றாம் வகை. உங்கள் பதவிக்குரிய ஊதிய நிலையின் தொடக்கமான 69,400 ரூபாயை வைத்துப் பார்த்தால், கொச்சியில் 13,880 ரூபாயாக வரக்கூடிய படி இங்கே 6,940 ரூபாயாகிவிடும். படைப்பணி ஊதியமான 15,500 ரூபாய் இந்தக் கணக்கில் சேராது என்பதைப் பலர் மறந்துவிட்டுத் தொகையைக் கூட்டி எண்ணிக்கொள்கிறார்கள். குடும்பம் மதுரையில் இருக்கிறது என்பதற்காக மதுரை விகிதத்தைச் சாதாரணமாகக் கேட்கவும் முடியாது. நீங்கள் பணியாற்றும் இடமே கணக்கு. நல்ல தண்ணீரும், கார் நிறுத்த இடமும், தாயார் படியேறாமல் புழங்கத் தரைத்தளமும் உள்ள தனிவீட்டுக்கு ராமநாதபுரத்தில் கேட்கப்படும் வாடகை பெரும்பாலும் இந்தத் தொகையைத் தாண்டியே இருக்கும். வாடகைப்படிக்கு வரிவிலக்கு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு; புதிய முறைக்கு மாறிவிட்டவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. குவார்ட்டர்ஸில் வாடகைப்படி நின்றுவிடும். சிறிய உரிமக் கட்டணமும், தண்ணீர், மின்சாரம், அறைகலன் ஆகியவற்றுக்கான தொகையும் பிடிக்கப்படும். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் தளத்துக்குள் இருப்பதே சிக்கனம் என்பது தெளிவு. ஆனாலும் மாதம் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக மட்டும் ஒரு குடும்பம் தன் வாழ்க்கை முறையைத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

இதில் உங்களுக்கே உரிய ஒரு கணக்கு உண்டு. மனைவியும் அரசு ஊழியர் என்பதால், ஒரே நிலையத்தில் உங்களுக்கு அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டால் அவருடைய சம்பளத்தில் வரும் வாடகைப்படியும் பாதிக்கப்படலாம். அவருக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். பின்னாளில் தணிக்கையில் மொத்தமாகப் பிடித்தம் வருவது மனவருத்தத்தைத் தரும்.

வெளியே குடியிருப்பது முழுக்க உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். படைத்துறையில் குவார்ட்டர்ஸ் என்பது பதவியையும், அந்த நிலையத்தில் சேர்ந்த நாளையும் வைத்துத் தயாரிக்கும் மூப்புப் பட்டியலின்படி கிடைப்பது. பட்டியலில் உங்கள் முறை வரும்வரை குடியிருப்பு இல்லை என்ற சான்றைப் பெற்று, வெளியே வாடகைக்கு இருந்து, வாடகைப்படி வாங்கலாம். முறை வந்து, வீடு ஒதுக்கப்பட்டு, வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்தச் சான்றுக்கான அடிப்படையே போய்விடுகிறது. வாடகை முழுவதும் கைப்பணத்திலிருந்து போகும். ஆகவே உங்கள் முன்னுள்ள கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முறை வரும்வரையான இடைக்காலத்தில் எங்கே இருப்பது, முறை வந்தபின் ஏற்பதா மறுப்பதா? இடைக்காலத்துக்காகப் பிடிக்கும் வீட்டில் பெரிய செலவுகளைப் போட்டுவிட்டு, பிறகு அதை விட மனமில்லாமல் குவார்ட்டர்ஸை மறுத்தவர்கள் உண்டு. நிலையத்துக்குள் நீங்களாகவே வீடு மாறும்போது சாமான் ஏற்றும் செலவை அரசு தராது என்பதையும் கணக்கில் வையுங்கள். பாதிப் பெட்டிகளைப் பிரிக்காமலே வைத்திருங்கள்.

இனி, நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுவது தண்ணீர். அரசு ஊழியர்களை மிரட்ட ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தை மனதில் வைத்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்குச் சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஊருணிகளும் கண்மாய்களும் அதைத் தேக்கி வைத்தவரைதான் மிச்ச மாதங்களுக்கு. கடலை ஒட்டிய ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடங்களில் உவர்ப்பு நீரே வருகிறது. இறைப்பதைக் கூட்டக் கூட்ட உப்பும் கூடுகிறது. குடிக்கவும் சமைக்கவும் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீரையே மாவட்டம் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த நீர் எல்லாத் தெருவுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும் பெண்களை இந்தச் சாலையோரத்தில் நீங்கள் பார்ப்பீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த உழைப்பு லாரித் தண்ணீரும் கேன் தண்ணீருமாக மாறுகிறதே ஒழிய மறைந்துவிடுவதில்லை. லாரியை வரச் சொல்வதும், அது வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதும், தரைத்தொட்டியைக் கழுவுவதும், மோட்டாரைப் போட்டு நிறுத்துவதும் அன்றாட வேலைகளாகிவிடும். உங்கள் வீட்டில் அதை யார் செய்வார்கள்? மனைவி பள்ளியில் இருப்பார், நீங்கள் தளத்தில் இருப்பீர்கள். எஞ்சுவது உங்கள் தாயார்தான். தளத்துக்குள்ளும் தண்ணீர் நேரம் வைத்தே திறக்கப்படலாம், கோடையில் சிக்கனமும் கேட்கப்படலாம். ஆனால் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பது அங்கே நிர்வாகத்தின் கடமை. உங்கள் தாயாரின் கடமை அல்ல. இந்த ஒரு வேறுபாடே என் தராசை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது.

அடுத்தது உப்புக் காற்று. மண்டபம் முனையில் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்க, நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஆண்டு முழுவதும் காற்று வீசிக்கொண்டே இருக்கும். உச்சிப்புளியில் அது சற்றுக் குறைவு, ராமநாதபுரத்தில் இன்னும் குறைவு. சன்னல் கம்பிகள், இரும்புக் கதவு, ஏர் கண்டிஷனரின் வெளிப்பெட்டி, மோட்டார், ஸ்கூட்டரின் அடிப்பாகம் என்று எல்லாவற்றையும் இந்தக் காற்று அரிக்கிறது. கூரைக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்தால் சிமெண்டுக் காரை கீழே பெயர்ந்து விழும். வாடகை வீடு பார்க்கப் போகும்போது புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்க்காமல், படிக்கட்டின் அடிப்பக்கத்தையும் குளியலறைக் கூரையையும் அண்ணாந்து பாருங்கள். பழுப்பு நிறக் கோடுகள் தெரிந்தால் அந்த வீடு வேண்டாம். குவார்ட்டர்ஸும் இந்த அரிப்புக்குத் தப்பியது அல்ல. அங்கே பழுது பார்ப்பது எம்.இ.எஸ். எனப்படும் படைத்துறைப் பொறியியல் பிரிவின் பொறுப்பு. புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். செலவு உங்களுடையது அல்ல, காத்திருப்பு உங்களுடையது. வாடகை வீட்டில் பல சமயம் இரண்டுமே உங்களுடையவை ஆகிவிடுகின்றன. வெளியே இருப்பவர்கள் குளிர்சாதனப் பெட்டி முதல் கட்டில் வரை சொந்தமாக வாங்கி இந்தக் காற்றுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் சேர்த்து எண்ண வேண்டியதே.

புயல் நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வெளியூரிலிருந்து வருபவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை எல்லோரும் அறிவோம். அவ்வளவு கொடியது மீண்டும் வரவில்லை என்றாலும், வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கடற்கரை ஆண்டுதோறும் ஏதோ ஒரு எச்சரிக்கையைச் சந்திக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து வந்து ராமநாதபுரக் கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட இரவுகளில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பத்திரப்படுத்தும் வேலையில், அல்லது மீட்புக்கு ஆயத்தமாகத் தளத்தில் இருப்பீர்கள். ஊர் முழுக்க மின்சாரம் போய், சாலையில் தண்ணீர் நிற்கும் நேரத்தில், வாடகை வீட்டில் மனைவியும் மகளும் தாயாரும் தனியாக இருப்பார்கள். கைபேசிக் கோபுரமும் செயலிழந்தால் அவர்கள் நலத்தை அறியக்கூட முடியாது. தளத்துக்குள் அதே குடும்பம் இருந்தால், பக்கத்து வீட்டிலும் இதே நிலையில் ஒரு குடும்பம் இருக்கும். கணவர்கள் பணியில் இருக்கும்போது குடும்பங்களைப் போய்ப் பார்ப்பது தளத்தின் வழக்கமாகவும் இருக்கும். புயல் இல்லாத நாட்களிலும் இது பொருந்தும்: தற்காலிகப் பணி, பயிற்சி வகுப்பு, இரவுப் பறப்பு என்று வீட்டில் இல்லாத இரவுகள் ஓர் ஆண்டில் உங்களுக்கு நிறையவே வரும். மனநிம்மதியோடு வேலை செய்வது விமானத் தளத்தில் பாதுகாப்பைச் சார்ந்த விஷயமும்கூட என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி உங்கள் மனைவியின் வேலை. இதுதான் என் முடிவை மாற்றக்கூடிய ஒரே காரணம். ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வில் படைவீரர்களின் மனைவியருக்கு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றை உங்கள் பிரிவிலிருந்து பெற்று விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்பதால், மாறுதல் ஆணை கையில் வந்த அன்றே அந்த வேலையைத் தொடங்குங்கள். உச்சிப்புளி மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. அந்த ஒன்றியத்திலேயே காலியிடம் கிடைத்தால், குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு அவர் அலைச்சலின்றிப் பள்ளிக்குப் போய்வரலாம். ராமநாதபுரம் நகரிலோ அதன் சுற்றிலோ கிடைத்தாலும் குவார்ட்டர்ஸே சரி. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்துப் பயணம் நெடுஞ்சாலையில் சிரமமானது அல்ல. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி என்று மேற்கே போய்விட்டால் நிலைமை வேறு. அப்போது ஒருவர் கிழக்கேயும் மற்றவர் மேற்கேயும் போகும்படி ராமநாதபுரத்தில் நடுவாகக் குடியிருப்பதுதான் நியாயம். அந்த நிலையில் தூரத்தின் சுமையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வண்டி இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. கூட்டப் பேருந்தில் இரண்டு முறை மாறி ஏறும் ஆசிரியைக்கு மாலையில் பிள்ளையின் பாடத்தைப் பார்க்கத் தெம்பு இருக்காது. ‘வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டும்’ என்ற யோசனையை உங்கள் வீட்டில் யாராவது எழுப்பினால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உங்கள் மாறுதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு. அவருடைய பணி ஓய்வு வயது வரைக்குமானது.

மகளைப் பொறுத்தவரை நான்காம் வகுப்பு என்பது மாற்றத்துக்கு ஏற்ற வயது. ராமநாதபுரத்தில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. மாறுதலுக்கு உட்பட்ட படைத்துறையினரின் பிள்ளைகளுக்கு அங்கே சேர்க்கையில் முதல் முன்னுரிமை தரப்படுகிறது. இப்போது ஒருமுறை அந்தப் பள்ளி அமைப்புக்குள் சேர்ந்துவிட்டால், அடுத்த மாறுதலின்போது நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் இன்னொரு கேந்திரிய வித்யாலயாவில் இடம் பெறுவது எளிதாகிவிடும். அங்கே கல்வி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூனில். மதுரையில் மெட்ரிக் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்திப் பாடம் புதிதாக இருக்கும், முதல் ஆறு மாதம் தடுமாறுவாள். தளத்துக்குள் இருந்தால் மாலையில் விளையாடும் பிள்ளைகளிடமிருந்தே அந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிடும். கேரளம், அரியானா, ஒடிசா என்று பல ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே மைதானத்தில் வளர்வதும் மதுரையில் கிடைக்காத கல்விதான். தளத்திலிருந்து பள்ளிக்குப் பேருந்து ஓடுகிறதா, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை மட்டும் சேருமுன் விசாரித்துவிடுங்கள். அவள் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பொதுத்தேர்வு ஆண்டில் தனிப்பயிற்சிக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில் ராமநாதபுரத்தில் இருப்பதே நல்லது.

தாயாரின் மருத்துவத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அவருடைய வருமானம் விதித்த வரம்புக்குள் இருந்து, உங்களைச் சார்ந்தவராக முறைப்படி பதிவு செய்யப்பட்டால், படைத்துறை மருத்துவ வசதி அவருக்கும் பொருந்தும். மாதாந்திரப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் தளத்தின் மருத்துவப் பிரிவே போதுமானது. நெஞ்சுவலி, பக்கவாதம் போன்ற அவசரம் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டும், அதையும் தாண்டினால் மதுரைக்கு. நகரில் குடியிருந்தால் அந்த முதல் அரைமணி நேரம் மிச்சமாகும். ஆனால் தளத்துக்குள் எந்த நேரமும் வண்டியும் முதலுதவி தெரிந்தவரும் இருப்பார்கள். நகரத்து வாடகை வீட்டில் நள்ளிரவில் ஆட்டோவைத் தேட வேண்டும். அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறோ, வாரந்தோறும் டயாலிசிஸ் தேவையோ இருந்தால் நகரமே சரி என்பேன். நீங்கள் சொன்ன சர்க்கரையும் அழுத்தமும் மட்டும் என்றால் குவார்ட்டர்ஸ் தடையில்லை. எப்படியானாலும் தரைத்தள வீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வயதான பெற்றோர் உடன் இருப்பதை ஒதுக்கீட்டில் பரிவோடு பார்ப்பது வழக்கம்.

தளத்துக்குள் இருப்பதில் எனக்குத் தெரிந்த உண்மையான குறை ஒன்று உண்டு. ராமேஸ்வரத்துக்கு அருகில் வேலை என்று தெரிந்தால் சொந்தபந்தம் அனைத்தும் உங்கள் வீட்டுக்கு வரும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை ஆகிய மூன்று நாட்களிலும் திதி கொடுக்க வருபவர்களில் உங்கள் உறவினர்கள் கட்டாயம் இருப்பார்கள். மதுரைக்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே வீடு இருந்தால் பாயை விரித்து எத்தனை பேரையும் படுக்க வைக்கலாம். தளத்துக்குள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை, முன்னனுமதி, வாசலில் பதிவு, தங்குவதற்குத் தனி இசைவு என்று நடைமுறை இருக்கிறது. அது இருக்க வேண்டிய நடைமுறையே. வயதான அத்தையும் மாமாவும் வாசலில் வெயிலில் நிற்கும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெயர்களைத் தெரிவிக்கும்படி உறவினர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கூட்டமாக வருபவர்களுக்கு ராமேஸ்வரத்திலேயே அறை எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இதே நடைமுறைதான். அவருடைய நுழைவுச் சீட்டுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு ஆகும்வரை சில வாரம் நீங்களே சமாளிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று மனத்தைச் சேர்ந்தது. தளத்துக்குள் கணவர்களின் பதவி வரிசை மாலை நேரத்திலும் முழுதாக விலகுவதில்லை. சொந்தப் பதவியும் சொந்தச் சம்பளமும் உள்ள உங்கள் மனைவிக்கு அது சில நாட்களில் இறுக்கமாகத் தோன்றலாம். அவர் பள்ளிக்குப் போய்வருவதே அதற்கு நல்ல மாற்றாக அமையும் என்று நம்புகிறேன். வெளியே குடியிருப்பவர்களுக்கு வேறு விதமான இறுக்கம் உண்டு. இது மீனவர்களின் கரை. இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துச் செல்லும் ஒவ்வொரு முறையும், நம் கடற்படை ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி, சீருடை அணிந்து தெருவில் நடக்கும் உங்களிடம்தான் வரும். கேட்பவரின் தம்பியோ மகனோ சிறையில் இருக்கலாம். அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கும். பணியின் பொருட்டு நீங்கள் எதுவும் பேச முடியாமலும் இருக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொள்வதைத் தவிர வழியில்லை. வெளியே குடியிருப்பதானால் இதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மனைவியும் பள்ளியில் இதே கேள்வியைச் சந்திப்பார்.

வாடகைக்குத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டால், பட்டணம்காத்தான், பாரதி நகர்ப் பக்கம் பாருங்கள். நகரின் கிழக்கே ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய பகுதிகள் அவை. அரண்மனை, கேணிக்கரைப் பக்கத்து நெரிசலைக் கடக்காமல் உச்சிப்புளிச் சாலையைப் பிடித்துவிடலாம். அமாவாசை நாட்களில் மட்டும் யாத்திரை வண்டிகளுக்காக அரைமணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருக்கும். உச்சிப்புளியிலேயே தளத்துக்கு வெளியே வீடு பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளத்தின் வசதியும் இல்லாமல், நகரத்தின் பள்ளியும் மருத்துவமனையும் பக்கத்தில் இல்லாமல் போய்விடும். வீட்டைப் பார்க்க மே மாதத்தில் போங்கள், மழைக்காலத்தில் போகாதீர்கள். குழாயைத் திறந்து கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது; வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. பணிமாறுதல் வந்தாலோ குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்பட்டாலோ ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம், முன்பணம் முழுதும் திரும்பத் தரப்படும் என்ற வரியை அதில் தவறாமல் சேருங்கள். அந்த வரியை ஏற்காத வீட்டுக்காரரின் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களுக்கு ஏற்றது அல்ல.

இதே கேள்வி மண்டபத்தில் உள்ள கடலோரக் காவல்படை நிலையத்துக்கு வரும் அதிகாரிகளுக்கும் எழும். அவர்களுக்கு ராமநாதபுரம் உங்களுக்கு இருப்பதைப் போல இருமடங்கு தூரம் என்பதால், நாள்தோறும் போய்வரும் வழி அநேகமாக அடைபட்டுவிடுகிறது. கப்பலிலோ ஹோவர்கிராஃப்ட் எனப்படும் காற்று மெத்தைப் படகிலோ பணியாற்றுபவர் அழைப்பு வந்த உடனே போய்ச் சேர வேண்டியிருப்பதால் குவார்ட்டர்ஸ் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். திருமணமாகாத அதிகாரிகளுக்கும் யோசிக்க எதுவுமில்லை; மெஸ்ஸில் அறை எடுத்துக்கொண்டு மிச்சமாகும் பணத்தைச் சேமிக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது இவைதான். குடியிருப்பு ஒதுக்கீட்டைக் கவனிக்கும் அதிகாரிக்கு, சேரும் நாளுக்கு முன்பே ஒரு கடிதம் எழுதி, உங்கள் பதவிக்குரிய வீடுகளில் காத்திருப்போர் எத்தனை பேர், உங்கள் முறை தோராயமாக எப்போது வரும் என்று கேளுங்கள். காத்திருப்பு மூன்று மாதத்துக்குள் என்றால் இடையில் வீடு பிடிக்க வேண்டாம். நீங்கள் மெஸ்ஸில் தங்கிக்கொண்டு, மகளின் கல்வி ஆண்டு முடியும்வரை குடும்பம் மதுரையிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் ஆகும் என்றால் பட்டணம்காத்தானில் தரைத்தள வீடு ஒன்றைப் பாருங்கள். மனைவியின் மாறுதல் விண்ணப்பத்துக்குத் தேவையான பணிச்சான்றைக் கொச்சியிலிருந்து கிளம்பும் முன்பே கையொப்பத்தோடு வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்தபின் புதிய தளத்தில் அதற்காக அலைய நேரமிருக்காது.